ச. கயல்

பின்சீட்டில் மணி அடித்தது. ஆத்தூரை விட்டு வெளியே வந்து முதல் வேகத்தடையில் கார் ஏறி இறங்கிய நேரம், ஒரே ஒரு டிங், குழந்தை கட்டைவிரலால் தட்டினால் வருமே அந்தச் சத்தம். சம்பத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. காரில் அவனைத் தவிர யாருமில்லை. அப்புறம் அவனுக்கே சிரிப்பு வந்தது, யார் அடிப்பார்கள், கயலின் சைக்கிள்தானே, குலுங்கினால் மணி அடிக்கத்தான் செய்யும். ஆல்டோவின் டிக்கிக்குள் போகவே மாட்டேன் என்று அது அடம்பிடித்து, கடைசியில் பின்கதவைத் திறந்து, ஹேண்டிலை ஒரு பக்கமாகத் திருப்பி, தோளைக் கொடுத்து முழங்கையால் நெட்டித் தள்ளி, ஒருவழியாகச் சீட்டின்மேல் சாய்த்து வைத்திருந்தான். தள்ளிய வேகத்தில் வலது முழங்கைக்கு மேலே, பின்பக்கம், எதுவோ உரசிவிட்டது போல, தோலை யாரோ இழுத்துப் பிடித்திருக்கிற மாதிரி ஒரு சின்ன இழுப்பு இன்னும் இருந்தது. பிரேக் கம்பி கீறியிருக்கும். சைக்கிள் சரிந்துவிட்டதா என்று பார்க்க, தலைக்கு மேலிருந்த கண்ணாடியைக் கொஞ்சம் கீழே சாய்த்தான். செயின் கவர் தெரிந்தது. அதில் புதிதாக மஞ்சள் ஸ்டிக்கரில் எழுத்து. கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரிகிற எழுத்தைப் படிக்க மற்றவர்கள் திணறுவார்கள், சம்பத்துக்கு அதுதான் பிழைப்பு. சேலத்தில் அவன் வேலை பார்க்கிற மூக்குக் கண்ணாடிக் கடை சந்து மாதிரி குறுகலானது, கண் சோதிக்கிற அளவுக்கு நீளம் கிடையாது, அதனால் எழுத்து அட்டையை இடம் வலம் மாற்றி அச்சடித்து நாற்காலிக்குப் பின்னால் மாட்டிவிட்டு, எதிர்ச்சுவர்க் கண்ணாடியில் பார்த்துப் படிக்கச் சொல்வார்கள். அந்த மாற்றி அச்சடித்த அட்டையைத் தினமும் பார்த்துப் பார்த்து, இடம் வலம் மாறிய எழுத்தைக் கண்டால் அவன் வாய் தானாகப் படித்துவிடும். இப்போதும் படித்தது. ச. கயல்.

பின்னால் வந்த பஸ் காது கிழிய ஹாரன் அடித்தபோதுதான் கார் கிட்டத்தட்ட நின்றுவிட்டது அவனுக்குத் தெரிந்தது. கால் எப்போது ஆக்ஸிலேட்டரை விட்டு எழுந்தது? தெரியாது. கியரை மாற்றினான், தப்பான கியர், வண்டி விக்கி விக்கி ஓடியது, மணி இன்னொரு தரம் அடித்தது. ச. எப்படி ச? செ அல்லவா இருக்கவேண்டும். செழியனுக்குச் செ. கயலின் அப்பா செழியன், மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தவன், வளர்மதியின் முதல் கணவன். சம்பத் இரண்டாவது. இந்த மாசி வந்தால்தான் ஒரு வருஷம். ச அவனுடைய எழுத்து, சம்பத்துக்குச் ச. கல்யாணத்தின்போது சொந்தக்காரர்கள் எல்லாரும் பெரிய அதிர்ஷ்டத்தைக் கண்டுபிடித்த மாதிரி இதைத்தானே சொன்னார்கள், இங்கிலீஷில் ரெண்டு பேருக்கும் எஸ், பிள்ளைக்கு இனிஷியல் மாற்றுகிற வேலையே இல்லை, கடவுளாகப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார் என்று. அந்த எஸ்ஸுக்குப் பின்னால் சம்பத்தும் நிம்மதியாக ஒளிந்துகொண்டிருந்தான். கயல் எஸ். கேட்கிறவன் எந்த எஸ் என்று கேட்கப் போவதில்லை. செத்தவனும் இருக்கிறவனும் ஒரே எழுத்துக்குள் குடியிருந்தார்கள், ஆளுக்கு ஒரு பக்கம். தமிழில் அந்தச் சௌகரியம் இல்லை. தமிழில் நடுவே ஒரு ஒற்றைக் கொம்பு நிற்கிறது. கொம்பு இருந்தால் அவன், இல்லாவிட்டால் இவன். இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. கண்ணாடியை மறுபடி பார்த்தான். ச. கண்ணை மூடித் திறந்தான், நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டும்போது செய்யக்கூடாத காரியம். திறந்த பிறகும் ச.

தப்பாக இருக்குமோ? ஸ்டிக்கர் கடைக்காரன் விட்டிருப்பான், அவர்களுக்கு என்ன, எதை வேண்டுமானாலும் விடுவார்கள். ஆனால் ஒட்டியவர் பழமலை. செழியனின் அப்பா. தமிழ் எழுத்து விஷயத்தில் அந்த மனிதரை ஏமாற்ற இன்னொருவன் பிறந்து வரவேண்டும். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர், தலைவாசலில் ஒரு பேக்கரி போர்டில் புள்ளி விட்டுப்போனதைப் பார்த்துவிட்டு, பஸ்ஸை நிறுத்தி, பயணிகள் கத்தக் கத்த இறங்கிப் போய்ப் புள்ளி வைக்கச் சொல்லிவிட்டு வந்தவர் என்று வளர்மதி சொல்லிச் சிரிப்பாள். தன் பையனுக்குச் செழியன் என்று பெயர் வைத்து, அதை எவனாவது செலியன் என்று எழுதினால் வீட்டுப் பக்கம் சேர்க்காதவர். கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள் கடைக்கு வந்தாரே. யாரென்று தெரியாமல் சம்பத் அவரை நாற்காலியில் உட்காரவைத்துப் படிக்கச் சொன்னான். கண்ணாடியைப் பார்த்துக் கடைசி வரிவரை நிறுத்தாமல் படித்தார். படித்துவிட்டு, "மூணாவது வரியில ணகரம் தேஞ்சுபோயிருக்குது, வேற அட்டை மாத்துங்க" என்றார். பிறகுதான், "நான் செழியனோட அப்பா" என்றார். சம்பத்துக்கு, டீ வாங்கிவரச் சொல்லட்டுமா என்றுகூடக் கேட்க வரவில்லை. அவர் எழுந்துகொண்டே சொன்னார், "நான் ஒண்ணும் குறுக்க நிக்கலைங்க. அந்தப் பொண்ணுக்கும் வயசு கெடக்குது. எழுத்த மட்டும் மாத்தாதீங்க." மாத்த மாட்டேனுங்க என்று இவன் சொன்னான். அவ்வளவுதான் பேச்சு. கல்யாணத்துக்கு வரவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அப்படிப்பட்டவர், எழுத்தை மட்டும் மாற்றாதே என்று வாய்விட்டுக் கேட்டவர், தன் கையால் மாற்றி ஒட்டியிருக்கிறார். யாரோ கேட்காத பொருளைக் கொண்டுவந்து மடியில் போட்டுவிட்டுப் போன மாதிரி இருந்தது, திருப்பிக் கொடுக்கவும் ஆளைக் காணோம்.

ஜவ்வரிசி செய்கிற சேகோ ஃபேக்டரி நாற்றம் ஜன்னல் கண்ணாடியை ஏற்றியிருந்தும் உள்ளே வந்தது, புளித்த குச்சிக்கிழங்கு நாற்றம், இந்த ரோட்டில் போகிறவன் மூக்கைப் பொத்துவதா ஸ்டியரிங்கைப் பிடிப்பதா என்று யோசிக்கிற இடம். சம்பத் மூக்கைப் பொத்தவில்லை, கண்ணாடியில் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏன் அங்கேயே பார்க்கவில்லை? பழமலை வீட்டு வாசலில் அவ்வளவு நேரம் நின்றானே. பழைய வேட்டியால் போர்த்தி வைத்திருந்த சைக்கிளை அவரே உருட்டிக்கொண்டு வந்தார், வேட்டியை உருவி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார், டயர் இரண்டும் புதுசு, சீட்டு உயர்த்தியிருந்தது. இதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. எழுத்து ஞாபகம் இல்லை. சைக்கிளைப் பார்த்தானா என்றால் இல்லை. கிழவர் தன்னைப் பார்க்கிறாரா என்பதைத்தான் பார்த்தான். திறந்த கதவு வழியாகக் கூடத்தில் செழியனின் படம் தெரிந்தது, சந்தனமாலை போட்டு, மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு சிரிக்கிற படம், அதைப் பார்க்கக்கூடாது என்று நினைத்து நினைத்து அதையே பார்த்தான். அந்தச் சைக்கிளை வாங்கியவன் அவன். குழந்தைக்குக் கால் எட்டாத காலத்தில், வளர்ந்து ஓட்டுவாள் என்று பெரிதாகவே வாங்கிவிட்டான். ஒரு தகப்பன் செய்கிற முட்டாள்தனம், ஒரு தகப்பன்தான் அப்படி வருஷங்களைக் கடன் சொல்லி வாங்குவான். இப்போது எட்டு வயதில் கால் எட்டுகிறது, அவன் இல்லை. இந்த வாரம்தான் கயல் வாயைத் திறந்து, "ஆத்தூர்ல என் சைக்கிள் இருக்குது" என்றாள். அம்மாவிடம்தான் சொன்னாள், ஆனால் இவன் இருக்கும்போது. நான் போய் எடுத்துட்டு வரேன் என்று இவன் முந்திக்கொண்டு சொன்னான். பஸ்ஸிலே போட்டு அனுப்பச் சொல்லலாம் என்றாள் வளர்மதி. இல்லை, நானே போறேன். அந்த வாசலில் போய் நிற்க அவனுக்கு அவ்வளவு பயம், அதனாலேயே போனான். கார் கிளம்பும்போது கிழவர் ஜன்னல் பக்கம் குனிந்து ஒன்று சொன்னார். என்ன சொன்னார்? "எழுத்துப் போட்டிருக்குது. பாத்துக்குங்க." தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டான், அப்போது அது காதில் விழுந்ததே தவிர உள்ளே போகவில்லை. இப்போது போயிற்று. எழுத்துப் போட்டிருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். எழுத்தைக் கொடுத்துவிட்டேன். இனிமேல் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதைவிடக் குறைவான வார்த்தையில் ஒருவன் தன் பேத்தியைத் தூக்கி இன்னொருவன் கையில் கொடுக்க முடியுமா?

பள்ளிக்கூடத்து விஷயம் தெரிந்துதான் செய்திருக்கிறார். வேறென்ன. போன மாதம் தமிழ் டீச்சர் எல்லாப் பிள்ளைகளையும் எழுப்பி நிற்கவைத்து, தமிழ் எழுத்தோடு பெயர் சொல்லுங்கள் என்றிருக்கிறார். கயல் எழுந்து, "கயல்" என்றாளாம். எழுத்து என்னம்மா என்று கேட்டால் பேசாமல் நின்றாளாம். மறுநாளும் நின்றாளாம். டீச்சர் வளர்மதியைப் பார்த்தபோது சொல்லியிருக்கிறார். அன்று ராத்திரி சாப்பாட்டில் வளர்மதி, "நீங்களே சொல்லுங்க" என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல் ரசத்தைக் கலக்கிக்கொண்டே. "செதான், இதுல என்ன யோசனை" என்று இவன் சட்டென்று சொன்னான். சொன்ன வேகத்தில் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. கயல் அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தாள். அவள் இவனை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை, அதுதான் விஷயம். அங்கிள் கிடையாது, அப்பா கிடையாது, பெயரும் கிடையாது. "அம்மா சாப்பிட வரச் சொன்னாங்க" என்பாள் கதவருகே நின்று, யாரை என்று சொல்லாமல். "இதத் தொறந்து குடுங்க" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டுவாள். மரியாதை எல்லாம் இருக்கும், அந்த மரியாதை வந்து உட்கார ஒரு நாற்காலி இருக்காது. கடையில் முதல் தடவை அவளைச் சோதித்தது அவன்தானே. பெரிய நாற்காலியில் கால் தொங்க உட்கார்ந்து, கண்ணாடிக்குள் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள், கடைசி வரி தெரியவில்லை, தெரியவில்லை என்று சொல்லாமல் துணிச்சலாக இட்டுக்கட்டிச் சொன்னாள். அன்றைக்கே அவனுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று, வளர்மதியைப் பிடித்ததுகூட அதற்கப்புறம்தான், இதை வளர்மதியிடம் சொன்னதில்லை. பள்ளிக்கூட விஷயம் கேட்ட மறுநாள் கடையில் ஆளில்லாத நேரத்தில் ஷோகேஸ் கண்ணாடியின் தூசியில் விரலால் ச. கயல் என்று எழுதிப் பார்த்தான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. உடனே துடைத்துவிட்டான். திருடன் மாதிரி நாலு பக்கமும் பார்த்துவிட்டுத் துடைத்தான். அதே எழுத்து இப்போது பின்சீட்டில் மஞ்சளாக, துடைக்க முடியாத ஸ்டிக்கரில். நினைத்தது கேட்டுவிட்டதா யாருக்காவது? அந்தக் கிழவருக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து தெரிந்துவிட்டதா?

வாழப்பாடி நெருங்கும்போது இனி ஓட்ட முடியாது என்று தோன்றியது. ஓரமாக நிறுத்தினான், மொட்டை வெயில், பின்கதவைத் திறந்து கிட்டே குனிந்து பார்த்தான். சந்தேகமே இல்லை. ச, ஒரு புள்ளி, கயல். வெட்டு சுத்தமாக இருந்தது. ச மட்டும் ஓரத்தை ஒட்டி ஆரம்பிக்காமல் கொஞ்சம் உள்ளே தள்ளி ஆரம்பித்தது, முன்னால் ஒரு விரல் அகலத்துக்கு வெறும் சிவப்புப் பெயின்ட். இடம் விட்டு எழுதுகிற பழக்கம் அந்தக் காலத்து ஆட்களுக்கு உண்டு, பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிறவன் அந்தக் காலி இடத்தைப் பார்த்து இப்படி நினைத்துத் திருப்திப்பட்டுக்கொண்டான், அதை என்ன சொல்ல. கை தானாகப் போனை எடுத்துப் பழமலைக்கு அடித்தது. என்ன கேட்பது என்று யோசிப்பதற்குள் ரிங் போய்விட்டது.

"ஐயா, சம்பத்துங்க."

"சொல்லுங்க. போய்ச் சேந்துட்டீங்களா?"

"இல்லைங்க, வாழப்பாடிகிட்ட நிக்கறேன். எழுத்துப் பாத்தேனுங்க."

"பாத்தீங்களா. நல்லா வந்திருக்குதா?"

"நல்லா வந்திருக்குதுங்க."

"நான் பக்கத்துல நின்னுதான் வெட்டச் சொன்னேன். கடைக்காரன் இங்கிலீசுலயே போட்டுரலாங்கறான். விடுவனா? இங்கிலீசுல போட்டா அது யாரு எழுத்துன்னு எப்படித் தெரியும்? தமிழ்லதான் வேணும்னு சொல்லிட்டேன்."

ரோட்டில் போன லாரியின் காற்று சட்டையைப் பிடித்து உலுக்கியது. "உங்களுக்கு... சங்கடமா இல்லைங்களா?"

அந்தப் பக்கம் ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. "இருந்துச்சு. இல்லைன்னு சொல்ல மாட்டேன். புள்ள பள்ளிக்கூடத்துல எழுத்துச் சொல்லாம நிக்கறாளாம், வளர்மதி சொல்லுச்சு. அதக் கேட்டதுலருந்து எனக்குச் சோறு எறங்கல. பெரியவங்க நாம வாயத் தொறக்காம இருந்தா கொழந்தை யாரப் போய்க் கேக்கும்? அதான் போட்டு ஒட்டிட்டேன். இனி அவளுக்கும் கொழப்பம் இல்லை, உங்களுக்கும் இல்லை."

"சரிங்கப்பா."

வாயிலிருந்து விழுந்துவிட்டது. ஐயா என்றுதான் சொல்ல வந்தான், நாக்கு வேறொன்றைச் சொல்லிவிட்டது. போனை இன்னும் காதோடு அழுத்திக்கொண்டு நின்றான். ஃபேன் சுற்றியது. "ம்," என்றார் பழமலை. பிறகு, "வண்டிய வெயில்ல நிறுத்தாதீங்க. பசை எளகிரும்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

வெயிலில் நிறுத்தாதே என்றவுடன் பள்ளிக்கூடப் பையன் மாதிரி வண்டியை எடுத்து ஒரு புளியமரத்தடிக்குக் கொண்டுபோனான். அங்கே ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான். எதற்கு அழுகை என்று கேட்டால் சொல்லத் தெரியாது, சந்தோஷம் இல்லை இது, சந்தோஷம் இப்படி உடம்பைப் போட்டு உதறாது. பெற்ற பையனின் எழுத்தைப் பிடுங்கி எனக்கு வைக்க அந்தக் கை எப்படித் துணிந்தது? ஒட்டும்போது கூடத்துப் படத்தைப் பார்த்திருப்பாரா, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து ஒட்டியிருப்பாரா? நானாக இருந்தால் செய்வேனா? செய்யமாட்டேன். சத்தியமாகச் செய்யமாட்டேன். அந்த நினைப்பு வந்ததும் அவனுக்கு அவமானமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தான். முழங்கைக்கு மேலே அந்த இழுப்பு மறுபடி தெரிந்தது, சீட்டில் தேய்த்துக்கொண்டான், போகவில்லை. மணி அடித்தது. அடித்த மணியோடு இன்னொன்று வந்தது, இத்தனை நேரம் இது எங்கே ஒளிந்திருந்தது என்று திகைக்கிற மாதிரி. கயல். கயல் இதைப் பார்ப்பாளே. ஆத்தூருக்குப் போனவன் யார், சைக்கிளைத் தொட்டவன் யார், கொண்டுவந்தவன் யார்? எங்கப்பா எழுத்து எங்கே என்று கேட்டால்? கேட்கக்கூட மாட்டாள், அதுதான் அவளிடம் பயம். பார்ப்பாள், பேசாமல் நிற்பாள், டீச்சர் முன்னால் நின்ற மாதிரி. வழியில் எங்கேயோ நிறுத்தித் தன் எழுத்தை ஒட்டிக்கொண்டு வந்துவிட்டான் என்று நினைத்துவிட்டால் பிறகு ஆயுசுக்கும் தாத்தாதான் ஒட்டினார் என்று சொல்லிக்கொண்டிருக்கலாம், யார் நம்புவார்கள்? தூசியில் எழுதிப் பார்த்தவன்தானே நீ. அயோத்தியாப்பட்டணம் ரயில்வே கேட் பக்கம் நெரிசலில் நின்றபோது உடம்பைத் திருப்பிக் கையை நீட்டி, ச வின் ஓரத்தில் நகத்தை வைத்தான். சுரண்டிவிட்டால் எழுத்தே இருக்காது, வெறும் கயல், அவள் சொல்கிற மாதிரியே. நகம் அழுந்தியது. பசை எளகிரும் என்ற குரல் கேட்டது. சோறு எறங்கல என்ற குரல் கேட்டது. கையை எடுத்துக்கொண்டான். ஒரு மனிதர் சாப்பாட்டை விட்டுவிட்டு ஒட்டியதை நகத்தால் சுரண்ட இவனுக்கு என்ன உரிமை. அது அவள் எழுத்து, அவள் பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தான்.

அம்மாப்பேட்டையில் வீட்டு முன்னால் கார் நிற்பதற்குள் கயல் கேட்டைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள். "ம்மா, சைக்கிள் வந்துருச்சு," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். வந்தது சைக்கிள், ஓட்டிக்கொண்டு வந்தவனைப் பற்றி ஒன்றுமில்லை. சம்பத் இறங்கிப் பின்கதவைத் திறந்தான். சொல்லவேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தான், தாத்தா ஒட்டியது கயல், தாத்தாவையே கேட்டுப்பார். ஹேண்டிலைப் பிடித்து இழுத்தான், வரும்போது அடம் பிடிக்காமல் சுலபமாக வந்துவிட்டது. தரையில் நிறுத்தினான். கயல் சீட்டைத் தொட்டாள், மணியை ஒருதரம் அடித்துப் பார்த்தாள், சுற்றிக்கொண்டு செயின் கவர் பக்கம் வந்தாள். வந்து நின்றாள். குனிந்தாள். விரல் ச வைத் தொடவில்லை, அதற்கு முன்னால் இருந்த வெறும் சிவப்பில் போய் நின்றது.

"கொம்பு எங்க?"

"எந்தக் கொம்பு?"

"செ கொம்பு. தாத்தா நேத்து அம்மா போனுக்குப் போட்டோ அனுப்பிச்சாரே. செ. கயல்னு இருந்துச்சே." அவள் காருக்குள் தலையை விட்டுச் சீட்டில் தேடினாள், கீழே தேடினாள். வெளியே வந்து அவனைச் சுற்றிப் பார்த்தாள். "அய்யே, இங்க இருக்குது. எங்கப்பா கொம்பு உங்க கையில ஒட்டிட்டிருக்குது."

சம்பத் கையை வளைத்துப் பார்த்தான். முழங்கைக்கு மேலே, பின்பக்கம், தனக்குத் தெரியாத இடத்தில், மஞ்சளாகச் சுழித்துக்கொண்டு ஒரு ஒற்றைக் கொம்பு. ஆத்தூர் வாசலில் முழங்கையால் நெட்டித் தள்ளினானே, அப்போது வந்தது. வியர்வையும் புதுப் பசையும். அவர் கொடுக்கவே இல்லை. இவன்தான் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான். சேகோ நாற்றத்தில், வாழப்பாடி வெயிலில், புளியமரத்தடியில் அழுதபோது, எல்லா நேரமும் செழியனின் கொம்பைக் கையில் ஒட்டவைத்துக்கொண்டு, எழுத்து எனக்கு வந்துவிட்டது என்று அழுதிருக்கிறான். எழுத்துப் போட்டிருக்குது பாத்துக்குங்க. உரசிவிடாமல் பார்த்துக்கொள் என்று சொல்லியிருக்கிறார், வேறொன்றுமில்லை. இனி அவளுக்கும் கொழப்பம் இல்லை உங்களுக்கும் இல்லை. ஆமாம், குழப்பம் இல்லை, என் பையன் எழுத்து என் பையன் எழுத்துதான் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார், அதற்குத்தான் சரிங்கப்பா என்றான். அப்பா. அந்த ம் என்னவாக இருந்தது? எந்த முகத்தோடு அந்த ம்மைச் சொல்லியிருப்பார்? அப்படியே காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டால் போதும் என்றிருந்தது. "ஆடாதீங்க," என்றாள் கயல். நகத்தால் ஓரத்தைக் கிளப்பி உரித்தாள், முடியோடு சேர்ந்து வந்தது, சுரீர் என்றது. ஏழெட்டு மாதத்தில் அவள் அவனைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

அவள் கொம்பைக் கொண்டுபோய் ச வுக்கு முன்னால் வைத்துக் கட்டைவிரலால் தேய்த்தாள். கையை எடுத்ததும் அது சுருண்டு விழுந்தது. எடுத்து ஊதி மறுபடி ஒட்டினாள். மறுபடி விழுந்தது. "உங்க கையில மட்டும் நல்லா ஒட்டுது," என்றாள், கோபமா வேறா என்று தெரியாத குரலில். வளர்மதி ஈரக்கையோடு வாசலுக்கு வந்து, "என்னாச்சு, ஏன் மூஞ்சியெல்லாம் வெளுத்துக் கெடக்குது? அங்க ஏதாச்சும் சொன்னாரா?" என்று கேட்டாள். அவன் இல்லை என்று தலையாட்டினான். கயல் மூன்றாவது தடவை கொம்பை வைத்து, அவன் கையைப் பிடித்து இழுத்து, அவனுடைய கட்டைவிரலை அதன்மேல் வைத்து அழுத்தினாள். "இப்படியே இருங்க. நான் செலோடேப் எடுத்துட்டு வரேன். விட்டுராதீங்க."

ஓடிவிட்டாள். சம்பத் சைக்கிளுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். கட்டைவிரலுக்கு அடியில் கொம்பு, விரலோரத்தில் ச, புள்ளி, கயல். கையை எடுத்தால் அவனுடைய எழுத்து. எடுக்காவிட்டால் செழியனுடையது. தெருவில் யாரோ பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டு, சைக்கிள் புதுசா என்று கேட்டுவிட்டுப் போனார். விரல் வியர்த்தது, இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டான், நகம் வெளுக்கும்வரை. உள்ளே மேஜை டிராயரை இழுத்து இழுத்துச் சாத்துகிற சத்தம் கேட்டது. அதற்கு நடுவே அவள் குரல், யாரை என்று சொல்லாமல், வாசல்வரை கேட்கிற மாதிரி:

"புடிச்சிருக்கீங்களா?"

"புடிச்சிருக்கேன்," என்றான் சம்பத்.